அத்தானின் காலுக்கேற்ற கொம்பியூட்டர்

அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்டியறிங் வளையமும் இரண்டு பெடல்களும் இருந்தன. எல்லாம் கறுத்த பிளாஸ்டிக். பெடல்கள் இரண்டையும் ஒரு தட்டைப் பலகையில் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் ஸ்டியறிங்குக்குப் போனது. ஸ்டியறிங்கிலிருந்து இன்னொரு வயர் புறப்பட்டு, எங்கே போவதென்று தெரியாமல், விரல்நகம் அளவு முனையோடு நின்றுவிட்டது. சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம் கனடாவிலிருந்து ஊர் பார்க்க வந்த அத்தானின் தமக்கை, பழைய உடுப்புகளோடும் சொக்கிலேற்றோடும் சேர்த்துக் கொண்டுவந்த சாமான் அது. பிள்ளைகள் விளையாடி அலுத்ததாம். கூடவே ஒரு கார்ப் பந்தய விளையாட்டுச் சீடி. நான் அவர்கள் ஊர் உருத்திரபுரத்துக்குப் போன அன்று, அத்தான் விறாந்தையில் கதிரையைப் போட்டு, பெடல்களைச் சீமெந்துத் தரையில் வைத்து, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்துவார், விடுவார், குனிந்து காலைப் பார்ப்பார், மறுபடி அழுத்துவார். பத்து நிமிடமாக இதுதான். மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்றே நினைத்தேன்.   

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லொறிக்காரர். அவருடைய லொறி எனக்கு மூத்தது. அதில் நெல்லும் சீமெந்தும் ஓட்டுக்கற்களும் ஏற்றி வன்னியின் எல்லா ஒழுங்கைகளுக்குள்ளும் போய் வந்தவர். பாதை திறப்பதற்கு முந்திய வருடம், விறகு எடுக்கப் போன இடத்தில், ஒரு மிதிவெடி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டு போனது. பொய்க்கால் போட்ட மூன்றாம் மாதமே சைக்கிள் ஓடினார். வேலி கட்டினார். வரம்பில் நடந்தார். ஆனால் லொறி வேறு கதை. வலது கால் அக்சிலேற்றரை எவ்வளவு அழுத்துகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. “மிதிச்சிட்டன் எண்டு தொடை சொல்லுது மச்சான், எவ்வளவு எண்டு சொல்லுதில்லை” என்று ஒருநாள் விளக்கினார். அதை அவர் விளங்கிக்கொண்டது வீட்டு வளவுக்குள் ஒருமுறை லொறியை எடுத்துப் பார்த்தபோது. லொறி துள்ளிப் பாய்ந்து கிணற்றுக்கட்டின் ஒரு பக்கத்தைக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டு நின்றது. அக்கா அங்கேதான் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றிருந்தா. வாளி போனது. அக்கா தப்பினா.

அன்றைக்கே லொறியின் திறப்பு அக்காவின் அலுமாரிக்குள் போய்விட்டது. லொறியை நான்கு கல்லுகளில் ஏற்றி வைத்தார்கள். முள்ளியவளையில் ஒரு நெல் வியாபாரி அதை வாங்க ஆசைப்பட்டார். மாசி அறுவடைக்கு முதல் முடிவு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இன்னொரு சாரதியை வைத்து ஓட்டலாமே என்று நான் கேட்டதற்கு அத்தான், தன் பல்லால் இன்னொருவன் சாப்பிடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். அக்கா ஒரு தீர்ப்பு வைத்திருந்தா. “அறுவடை துவங்க முதல் என்னை இருத்தி வாய்க்கால் றோட்டால கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வாங்கோ. நான் வாய் திறக்காமல் வந்து இறங்கினா லொறி நிக்கும். கத்தினனெண்டா லொறி முள்ளியவளைக்குப் போகும்.” என் அக்கா வாய் திறக்காமல் ஒரு மைல் போவதென்பது, பொய்க்காலால் லொறி ஓட்டுவதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றியது. 

சுவரைப் பார்த்துப் பெடல் மிதித்துக்கொண்டிருந்த அத்தான், கடைசியில் அந்த வயரின் முனையைத் தூக்கிக் காட்டினார்.

“மச்சான், இதை எதில கொழுவிறது?”

“கொம்பியூட்டரில, அத்தான்.”

“கொழுவினா, நான் அமத்திறதுக்கு ஏற்ற மாதிரிப் படத்தில கார் ஓடும். மெல்ல அமத்தினா மெல்ல. கூட அமத்தினாக் கூட. அப்பிடித்தானே?”

“ஓம்.”

“அப்ப கண்ணால பாத்துக் காலுக்குச் சொல்லிக் குடுக்கலாம். ஆரையும் இடிக்காது. உன்ர அக்காவும் ஏசமாட்டா. ஒரு கொம்பியூட்டர் செய்வம். நீ படிச்சனிதானே.”

இந்த இடத்தில் என் கல்வித் தகைமையைச் சொல்ல வேண்டும். வவுனியாவில் மூன்று மாதம் படித்து ஒரு சேர்ட்டிபிக்கற் வாங்கியிருந்தேன். கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில், சங்கத்தின் ஒரே கொம்பியூட்டரில், இரண்டு விரலால் கடிதம் அடிப்பேன். பிரிண்டரில் கடதாசி சிக்கினால் பிள்ளையாரைக் கூப்பிடுவேன். கொம்பியூட்டரின் வயிற்றைத் திறந்து பார்த்தது வகுப்பில் ஒரே ஒரு தரம், அதுவும் பின்வரிசையில் இருந்து. ஆனாலும் ஊரில் என்னை ‘கொம்பியூட்டர் தெரிந்தவர்’ என்றார்கள். அந்தப் பெயரை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. “அதுக்கென்ன அத்தான், செய்வம்” என்றேன். 

சங்கத்தின் லொறி கிழமைக்கு ஒருமுறை வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போகும். போகிற லொறியில் துண்டு எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தையல் நூல், தைலம், சைக்கிள் செயின், எல்லாம் துண்டில்தான் வரும். நானும் எழுதிக் கொடுத்தேன். மதர்போட் ஒன்று. புறொசசர் ஒன்று. றாம் ஒன்று. பெட்டி, பவர் சப்ளையோடு ஒன்று. கடைசியில், என் அறிவின் உச்சமாக, ‘எல்லாம் நல்லதாய், மலிவாய்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். வெங்காயத்துக்கும் அப்படித்தான் எழுதுவோம். துண்டைக் கொண்டுபோனவர் நல்ல மனுசன். ஒரு கடையில் இல்லாததை இன்னொரு கடையில், அங்கேயும் இல்லாததை மூன்றாம் கடையில் வாங்கி, ஒன்றும் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

மதர்போட் என்பது மற்ற எல்லாம் வந்து குந்துகிற பலகை. புறொசசர் அதன் சதுரக் குழிக்குள் தானாகவே போய் இருந்தது. அது வெறும் அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் திறமை என்றே நினைத்தேன். பிறகு றாம். அது ஒரு சீப்பு நீளத்துப் பச்சைத் தகடு. அதன் கீழ்விளிம்பில் ஒரு வெட்டு உண்டு. பலகையில் அதைச் சொருகும் பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு மேடு உண்டு. வெட்டும் மேடும் நேருக்கு நேர் வந்தால்தான் தகடு இறங்கும். எங்களுடையதில் வெட்டு ஒரு பக்கம் கிடந்தது, மேடு இன்னொரு பக்கம் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. வேர்த்தது.

இதைப் படிக்கிறவர்கள், அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். நாங்கள் எப்படிப்பட்ட சனம் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். பல வருடங்கள் எங்களுக்கு ஒரு பொருளும் ஒழுங்காக வரவில்லை. சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அத்தானின் லொறிக்குள் மூன்று வேறு லொறிகளின் உறுப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்று லொறியே இல்லை, உழவு இயந்திரம். பொருந்தாது என்ற சொல்லை நாங்கள் கிட்டத்தட்ட மறந்திருந்தோம். எதுவும் எதிலும் பொருந்தும். அரத்தைக் கொண்டுவர வேண்டியதுதான்.

அத்தானின் கையில் அரம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அவர் கேட்டார் என்பதை நான் மறைக்கக் கூடாது. “கொம்பியூட்டருக்கு அரம் போடலாமோ மச்சான்? நீ சொல்லு.” நான் தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். “தாராளமாப் போடலாம். பிளாஸ்டிக்தானே” என்றேன். அத்தான் ஒரு பொற்கொல்லரின் நுணுக்கத்தோடு அந்த மேட்டை அராவி எடுத்தார். றாம் வெண்ணெயில் கத்திபோல இறங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அக்கா போய், ஊருக்கு மின்சாரம் வராததால் வீட்டில் வைத்திருந்த ஜெனறேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணினா. நான் சுவிச்சைப் போட்டேன். ஒரு சின்னச் சத்தம். பிறகு, தலைமயிர் கருகுகிற மாதிரி ஒரு மணம் விறாந்தை முழுக்கப் பரவியது.

“மணம் வருது” என்றா அக்கா.

“புதுச் சாமான் அப்பிடித்தான்” என்றேன். சொல்லும்போதே சைக்கிளை எடுத்துவிட்டேன்.

மூன்று நாள் உருத்திரபுரப் பக்கம் தலைகாட்டவில்லை. கந்தோரில் கணக்கெடுப்பு என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் சங்க வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. அத்தான். கோதுமை மாப்பைக்குள் மதர்போட்டைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் மேசைக்குக் கீழே பேனை தேடத் தொடங்கினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நான் பேனையைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த மன்னிப்பை நான் எடுத்து விடுவதற்குள், பலகையில் கறுத்துப்போன ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இது ஏன் எரிஞ்சது?”

“எனக்குத் தெரியாது அத்தான்.”

“பாத்தியே. அண்டைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.” அவ்வளவுதான் ஏச்சு. பிறகு குரல் மாறியது. அதில் கோபமே இல்லை, ஆவல்தான் இருந்தது. “நான் மூண்டு நாளா யோசிச்சனான். அந்த மேட்டை ஒருத்தன் வேலை மினக்கெட்டு அதில வைச்சிருக்கிறான். சும்மா வைக்கமாட்டான். பிழையான சாமான் உள்ள போகக்கூடாது எண்டுதான் வைச்சிருக்கிறான். நாங்கள் காவல்காரனை வெட்டிப்போட்டு உள்ள போயிருக்கிறம். இனித் துண்டு வேண்டாம். லொறிக்குச் சாமான் வாங்கேக்க பழசைக் கையில கொண்டுபோய்ப் பக்கத்தில வைச்சுப் பாத்துத்தான் வாங்குவன். இதுக்கும் அதுதான். ரெண்டு பேரும் போவம்.”

அடுத்த கிழமை போனோம். ஒரு பையில் அராவிய பலகையும் புறொசசரும், ஒரு பையில் பவர் சப்ளையோடு பெட்டி, அத்தானின் மடியில் பெடலும் ஸ்டியறிங்கும் சீடியும். வவுனியாவில் ஒரு சின்னக் கடை. கடைக்காரரை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி, எல்லோரும் நானா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முல்லைத்தீவில் பிறந்து, சிறு வயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பாதை திறந்தபின் வவுனியாவுக்கு வந்து கடை போட்டவர். என் வயதுதான் இருக்கும். அராவிய பலகையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“வேலை வலு சுத்தம். ஆர் அராவினது?”

“நான்தான்” என்றார் அத்தான்.

“இவ்வளவு நேரா அராவி ஒருத்தரும் கொண்டு வந்ததில்லை. மற்றாக்கள் சுத்தியலால தட்டிக் கொண்டு வருவினம்.” பிறகு விளக்கினார். இரண்டு தலைமுறை றாம் உண்டு. பழையது கூடின மின்னழுத்தத்தில் வேலை செய்வது, புதியது குறைந்ததில். நீளம் ஒன்று, பார்வை ஒன்று. அதனால்தான் அந்த மேடு. புறொசசரை வேறொரு பலகையில் போட்டுப் பார்த்தார். அது மட்டும் உயிரோடு மிஞ்சியிருந்தது. “அப்ப இவருக்கு ஏற்ற வீடு பாப்பம்” என்றார்.

வீடு பார்ப்பதற்கு முன் அத்தான் பெடலை எடுத்து மேசையில் வைத்தார். இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். நானா அந்த வயரின் முனையைப் பார்த்தார், சீடி உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார். இந்த விளையாட்டுக்கு இவ்வளவு வேகம், இவ்வளவு றாம், படம் காட்ட ‘காட்’ என்கிற தனித் தகடு இன்ன மாதிரி வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. இத்தனை நாளும் அந்த உறை அத்தான் வீட்டில்தான் கிடந்தது. நான் முன்பக்கத்துக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பிறகு அந்தக் கடையில் நடந்ததை நினைக்க எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. ஒவ்வொன்றும் இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. விளையாட்டு படக் காட்டைக் கேட்டது; அந்தக் காட் பலகையில் தனக்கென்று ஒரு நீளப் பள்ளத்தைக் கேட்டது; பலகை எங்கள் புறொசசரின் கால்களுக்கு ஏற்ற குழியோடு இருக்க வேண்டியிருந்தது; றாம் பலகை சொல்கிற தலைமுறையாக இருக்க வேண்டியிருந்தது; இவ்வளவுக்கும் தீனி போட எங்கள் பவர் சப்ளை காணாது என்று நானா அதைத் தள்ளி வைத்தார். அத்தான் விடாமல் கேட்டார். இது எஞ்சினோ, கியர்ப்பெட்டியோ? இது சூடாகுமோ? சூடானா எதால ஆறும்? எங்கட ஜெனறேற்றர் அறுநூற்றைம்பது வாட்ஸ், தாங்குமோ? கொம்பியூட்டரும் மொனிற்றரும் தாங்கும், ஆனால் அந்த நேரம் கிறைண்டரில் உழுந்து அரைக்கக் கூடாது என்றார் நானா. அதை அக்காவிடம் யார் சொல்வது என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கையில் இருந்த காசுக்குள் எல்லாமே நல்லதாய் வாங்க முடியாது. எதைக் குறைப்பது என்ற கேள்வி வந்தபோது அத்தான் யோசிக்கவே இல்லை. “எது குறைஞ்சாலும் பரவாயில்லை. நான் அமத்தினவுடன படம் ஓட வேணும். அமத்தி ஒரு கணம் கழிச்சு ஓடினா என்ர கால் பிழையாப் படிச்சிடும்.” நானா முதல்முறையாக அவருடைய காலைப் பார்த்தார்.  “எல்லாரும் வந்து பெரிய மூளை கேப்பினம். நீங்கள் நல்ல கண் கேக்கிறியள். சரி” என்று சொல்லி, பாவித்த மொனிற்றர் ஒன்றைப் போட்டு, ஹாட் டிஸ்க்கைச் சின்னதாக்கி, றாமில் பாதியைக் குறைத்து, பெட்டியையும் பழையதாகவே விட்டு, மிச்சத்தை எல்லாம் காட் பக்கம் தள்ளினார்.

எல்லாவற்றையும் மட்டையில் பரப்பி மேசையிலேயே பூட்டினார். முதலில் போட்ட காட்டில் படம் வந்தது. எனக்கு அது அற்புதமாகத் தெரிந்தது. அத்தான் கதிரையில் இருந்து பெடலைத் தரையில் வைத்து மெல்ல அழுத்தி, தலையாட்டினார். “பிந்துது.” நானா தானும் அழுத்திப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒன்றையும் உணராத ஒரு காலை வைத்திருந்தவருக்குத்தான் அது தெரிந்தது. நானா உள்ளே போய், யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த, கொஞ்சம் பலமான காட் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளத்தில் வைக்கப் போனார். அப்போது என் கண்ணில் பட்டது: அந்தக் காட்டின் வெட்டும் பள்ளத்தின் மேடும் நேருக்கு நேர் இல்லை.

“நானா, நிப்பாட்டுங்கோ. மேடு” என்றேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஒருவர் காலைத் தூக்கித் தரையைப் பார்த்தார். நானா உற்றுப் பார்த்தார். “அல்லாஹ், ஓம். இது பழைய பலகைக்கு உரியது. இவர் சொல்லாட்டி இண்டைக்கு நான் அரம் தேடியிருப்பன்.” மூன்றாவது காட் வெட்டும் மேடும் பொருந்தி இறங்கியது. அத்தான் அழுத்தினார். படத்தில் வேகமுள் அவருடைய முழங்காலோடு சேர்ந்து எழுந்து, அவரோடு சேர்ந்து விழுந்தது. “இது” என்றார். அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த ஒரே தொழில்நுட்பப் பங்களிப்பு ‘மேடு’ என்ற சொல். அதை நான் இன்றும் என் தகைமைகளில் சேர்த்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். சாமான்கள் மேசையில் பரவின. சிப்பாய் என்னிடம் பெயர் கேட்டார். நான் “பெடல்” என்றேன். இது என்ன என்று பெடலைக் காட்டிக் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். மூன்று மொழியும் ஒரே நேரத்தில் என்னை விட்டுப் போயிருந்தன. அத்தானுக்குப் பழைய காலத்தில் கொழும்புக்கு ஓடிப் பழகிய லொறிக்காரச் சிங்களம் இருந்தது. பெடலைத் தரையில் வைத்து, ஸ்டியறிங்கைப் பிடித்து, வாயால் எஞ்சின் சத்தம் போட்டுக் காட்டினார். சிப்பாய்க்குச் சிரிப்பு வந்தது. தானும் சப்பாத்துக் காலால் ஒரு மிதி மிதித்தார். “மெல்ல, மாத்தையா” என்றார் அத்தான். சிப்பாய் காலைத் தளர்த்தி, மெல்ல, மிக மெல்ல ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸில் ஏறியபின் அத்தான், “நல்ல கால்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது என் மகள் கைபேசியில் கொம்பியூட்டர் உறுப்புகள் தேடுகிறாள். ஒன்றுக்கொன்று பொருந்தாததைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் அதுவே சொல்லிவிடுகிறது. “உங்கட காலத்தில இதெல்லாம் எப்பிடியப்பா பாத்தனீங்கள்?” என்று கேட்டாள். முகர்ந்து பார்த்தோம் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

உருத்திரபுரத்தில் அத்தானின் பள்ளிக்கூடம் தினமும் மத்தியானம் நடந்தது. ஜெனறேற்றர் சத்தத்தில் படத்துக் காரின் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்று, அதை எலுமிச்சை மரத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து நீள வயர் இழுத்தோம். கிறைண்டர் விசயத்தை நான் அக்காவிடம் சொன்னேன்; அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்த சொற்களை இங்கே எழுதத் தேவையில்லை. அது பந்தய விளையாட்டு. மற்றக் கார்கள் எல்லாம் பறந்தன. அத்தான் இருபதில் போனார். இருபதிலேயே ஒரு முழுச் சுற்று, முள் அசையாமல். பிறகு முப்பது. பிறகு நத்தை வேகம். படம் அவரைக் கடைசி என்று ஒவ்வொரு தரமும் அறிவித்தது.

“எல்லாரும் உங்களைக் கடந்து போயிட்டினம்” என்றா அக்கா, உழுந்தை அம்மியில் அரைத்தபடி.

“போகட்டும். அவங்கள் வெறும் வண்டியோட போறாங்கள்.”

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தா. ஒருநாள் நான் போனபோது, அத்தானின் காலுக்கு மேல் ஒரு சாறத்தைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் நின்று, “இருபத்தைஞ்சு, பதினைஞ்சு, முப்பது” என்று அவாவே கட்டளை போட்டுக்கொண்டிருந்தா. முள் அவாவின் குரலுக்குப் பின்னால் போனது. வேறு எவரும் இந்த உலகத்தில் அப்படி ஒரு விளையாட்டு விளையாடியிருக்கமாட்டார்கள்.

தை முடியும் கிழமையில் லொறியைக் கல்லிலிருந்து இறக்கினோம். அக்கா திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு முன்னால் ஏறி இருந்தா. “வித்துவானும் ஏறும்” என்று என்னையும் கூப்பிட்டா. செத்தால் கூட்டாக என்ற ஏற்பாடு. கிணற்றுக்கட்டை ஒரு சாண் இடைவெளியில் கடந்தோம். நான் கண்ணை மூடியிருந்ததால் அந்தச் சாண் அக்காவின் கணக்கு. வாய்க்கால் றோட்டில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கதிர் சாய்ந்த வயல். லொறி ஒருமுறை இலேசாக உன்னியது. அக்காவின் கை என் கையில் இறுகியது. வாய் திறக்கவில்லை. அத்தான் சாலையைப் பார்க்காமல் ஒரு கணம் அவாவைப் பார்த்தார். பிறகு எஞ்சின் ஒரே சுருதியில் போனது. மதகடியில் திருப்பி வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா இறங்கி, குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தா. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது: “முள்ளியவளைக்கு ஆள் அனுப்புங்கோ, லொறி இல்லையெண்டு.” இடையில் வாய் திறந்தது நான்தான் என்பதை அக்கா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறா. நான் கத்தினதைக் கணக்கில் எடுப்பதென்று ஒப்பந்தத்தில் இருக்கவில்லை.

சண்டை திரும்பி வந்து நாங்கள் எல்லோரும் கிழக்கே நகர்ந்த மழைக்காலம் ஒன்று பிறகு வந்தது. லொறியில் நான்கு குடும்பத்துச் சாமான்கள் ஏறின. நான் கொம்பியூட்டரைக் கழற்றிப் மழை நனைக்காதபடி படங்கில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். “விடு மச்சான்” என்றார் அத்தான். “அந்த இடத்தில ரெண்டு பிள்ளையள் இருக்கலாம்.” திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஏனோ கதவையும் பூட்டினேன்.

பரந்தனிலிருந்து தர்மபுரம் போகிற தெருவில் சனமும் மாடும் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஒன்றாய்ப் போயின. நடக்கிற வேகத்தில் லொறி ஓட்டுவதைப்போல காலுக்கு வருத்தம் வேறில்லை என்பார்கள். பாய விடவும் கூடாது, நிற்க விடவும் கூடாது, பின்னாலும் சனம். எங்களுக்கு நேரே முன்னால் ஒரு பெண், தையல் மெசினைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். லொறியின் மூக்குக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை நீளம். நான் கதவைத் திறந்து கத்துவதற்குத் தயாராக, ஒரு கால் வெளியில் போட்டபடியே இருந்தேன். காலை தொடங்கி மழையோடு பின்னேரம்வரை அந்த ஒரு கை நீளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தர்மபுரத்துக்கு முன்னால் ஒரு ஒழுங்கைக்குள் அந்தப் பெண் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பின்னால் ஒரு லொறி வருகிறது என்று அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.